200 லிட்டர்ல இருந்து 500 லிட்டர் ரீஃப் தொட்டிக்கு

தென்னாப்பிரிக்கா டர்பன் சாட்ஸ்வொர்த் வீட்டு ஹால்ல, பவளமும் கடல் மீனும் வளர்க்கிற 500 லிட்டர் ரீஃப் தொட்டி வந்தாச்சு, உப்புத்தண்ணி மட்டுமே அரை டன்னுக்கு மேல, அதனால கான்கிரீட் தரை மேல சுவரோரமா வெச்சோம். பழைய மணலை அப்படியே கொண்டுபோய் கொட்டாதீங்க, அடியில தேங்கின அழுக்கும் ஹைட்ரஜன் சல்பைடும் கிளம்பி மீனையே கொன்னுடும், புது மணல்தான் நல்லது. லைவ் ராக்குங்கற கடல் பாறை காயவே கூடாது, அமோனியாவைத் தின்னுற பாக்டீரியா அதுலதான் குடியிருக்கு, அண்ணன் அதைப் பழைய தண்ணியிலயே ஹீட்டரும் பம்பும் போட்டு வெச்சிருந்தார். புதுத் தண்ணி அடர்த்தி 1.025, சூடு 25 டிகிரின்னு ரெண்டும் பழசோட ஒத்துப்போன அப்புறம்தான் பவளத்தை இறக்கினோம். ஹேமர் கோரல்ங்கற பவளம் சுருங்கியே கெடந்துச்சு, எனக்கு மனசு அடிச்சுக்கிச்சு, லைட்டைக் குறைச்சு விட்டதும் பச்சை நுனி ஒவ்வொண்ணா வெளிய வந்துச்சு பாருங்க, அவ்ளோ சந்தோஷம். லோட் ஷெடிங், அதாவது முறை வெச்சு கரண்டை நிறுத்துறது, குறைஞ்சாலும் கரண்ட் போறது நிக்கல, பேட்டரி ஏர் பம்ப் ஒண்ணு கண்டிப்பா வாங்கி வைங்க.