மேட்லேப் இல்லாத சர்வரில் எஸ்பிஎம்

மூளை எம்ஆர்ஐ படங்களை அலசும் எஸ்பிஎம்12 என்ற மென்பொருள் இலவசம். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் தருகிறது. அது ஓடுவதற்குத் தேவையான மேட்லேப் என்ற கணக்கீட்டு மென்பொருள் இலவசம் அல்ல. 100 பேரின் ஸ்கேன்களை கிளஸ்டரில் (பல கணினிகளை இணைத்த தொகுப்பில்) ஒரே நேரத்தில் ஓட்ட 100 லைசென்ஸ் யார் வாங்கித் தருவார்கள்? மேட்லேப் கம்பைலர் உள்ள ஒரு கணினியில் எஸ்பிஎம்மைத் தனித்து ஓடும் நிரலாகக் கட்டிவிட்டால், மற்ற இடங்களில் அதை ஓட்ட இலவச மேட்லேப் ரன்டைமே போதும்.

கம்பைல் என்ற பெயரை நம்பி வேகம் கூடும் என்று நினைக்க வேண்டாம். கம்பைலரின் எம்சிசி கட்டளை, மேட்லேப் நிரல்கள் உள்ள எம்-ஃபைல்களை என்கிரிப்ட் செய்து சிடிஎஃப் என்ற ஒரே மூட்டையாகக் கட்டுகிறது, அவ்வளவுதான். அதை ஓட்டுவது ரன்டைம். மேட்லேப் ஆர்2019பி பதிப்பில் கட்டியதற்கு 9.7 ரன்டைம்தான் வேண்டும்; 9.8 வைத்துச் சமாளிக்க முடியாது.

தொல்லை தொடங்குவது, நிரல் ஓடும்போது தன் கோப்புகளைத் தானே தேடிப் படிக்கும் இடங்களில். எஸ்பிஎம் தன் பதிப்பு எண்ணை கன்டென்ட்ஸ் என்ற எம்-ஃபைலிலிருந்து எடுக்கும். என்கிரிப்ட் ஆனபின் அதை உரையாகப் படிக்க முடியாது. அதனால் எஸ்பிஎம்முடன் வரும் பில்ட் ஸ்கிரிப்ட், கம்பைலுக்கு முன் அதையே டெக்ஸ்ட் ஃபைலாகவும் நகலெடுத்து வைக்கிறது. டூல்பாக்ஸ் ஃபோல்டரைத் துழாவும் வேலையும் இப்படித்தான்: பட்டியல் முன்கூட்டியே எழுதப்படுகிறது. ஆகவே கேட்12 என்ற கூடுதல் டூல்பாக்ஸ் வேண்டுமென்றால் கட்டுவதற்கு முன்பே அந்த ஃபோல்டரில் இருக்க வேண்டும், பிறகு போட்டால் தெரியாது. சொந்த நிரல்களில் எஃப்ஈவல் கட்டளை வழியாகப் பெயரை எழுத்துச் சரமாகக் கொடுத்து அழைக்கும் ஃபங்ஷன்களும் எம்சிசி கண்ணில் படாது. '-ஏ' ஆப்ஷனில் சேர்க்காவிட்டால் அவை மூட்டையில் இருக்காது. அந்த வரி ஓடும்போதுதான் விஷயம் தெரியவரும்.

இவையாவது எரர் காட்டிவிடும். சத்தமில்லாமல் கெடுப்பது வேறொன்று. கமாண்ட் லைனில் தரும் எல்லா மதிப்பும் எழுத்தாகவே உள்ளே வரும். ஸ்மூதிங் (படத்தை மங்கலாக்கும் அளவு) 8 மில்லிமீட்டர் என்று கொடுத்தால், எண்ணாக மாற்றாத நிரல் '8' என்ற எழுத்தின் ஆஸ்கி மதிப்பான 56-ஐக் கணக்கில் போடும். எரர் வராது, மூளை மட்டும் பனிமூட்டமாக வரும்.

கிளஸ்டரில் இன்னொரு தலைவலி. மூட்டை முதல்முறை ஓடும்போது ஹோம் டைரக்டரியில் ஒரு மறைவு ஃபோல்டரில் பிரிந்து விரியும். எல்லா நோடும் (கிளஸ்டரின் ஒவ்வொரு கணினியும்) நெட்வொர்க் வழியாக ஒரே என்எஃப்எஸ் ஹோமைப் பகிர்ந்தால், ஒரே நேரத்தில் கிளம்பும் ஜாப்கள் அங்கே முட்டிக்கொண்டு சில செத்துவிடும். மறுபடி ஓட்டினால் ஒழுங்காக ஓடும் என்பதால் காரணம் லேசில் பிடிபடாது. மூட்டை எங்கே விரிய வேண்டும் என்று சொல்லும் எம்சிஆர்_கேஷ்_ரூட் மாறியை ஜாப்புக்கு ஒரு லோக்கல் டெம்ப் ஃபோல்டராக வைத்து, முடிந்ததும் அழித்துவிடலாம்.

லைப்ரரிகளைத் தேடும் இடத்தைச் சொல்லும் எல்டி_லைப்ரரி_பாத் மாறியை, ஷெல் தொடங்கும்போது படிக்கும் பாஷ்ஆர்சி கோப்பில் போடவே கூடாது. ரன்டைமின் சி++ லைப்ரரியை மற்ற நிரல்களும் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக விழும். எம்சிசி கூடவே உருவாக்கும் ஷெல் ஸ்கிரிப்ட் அதைத் தனக்கு மட்டும் வைத்துக்கொள்கிறது. அதன் வழியாகவே ஓட்டுங்கள்.