கொடுமுடியிலிருந்து நாடக மேடைக்கு

கே. பி. சுந்தராம்பாளைத் திரையில் கண்ட ஔவையாராக மட்டுமே இன்று பலர் நினைவுகூர்கிறார்கள். அவரை உருவாக்கிய நாடக மேடையைப் பற்றிப் பேசுவோர் குறைந்துவிட்டது எனக்கு வருத்தம் தருகிறது.

1908இல் காவிரிக்கரையிலுள்ள கொடுமுடியில் பிறந்து, வறுமையில் வளர்ந்து, ரயிலில் பாடிப் பிழைத்த அச்சிறுமியின் குரலைக் கேட்டு வியந்த, ரயில்வே அதிகாரியும் நாடக ஆர்வலருமான எஃப். ஜி. நடேச ஐயர், அவரை வேலு நாயரின் நாடகக் குழுவில் சேர்த்துவிட்டார் என்பார்கள். நல்லதங்காள் நாடகத்தில் பசியால் அழும் பிள்ளையாக அவர் பாடினார். பசியை வீட்டிலேயே அறிந்திருந்த குழந்தைக்கு அந்தப் பாட்டை யாரும் விளக்கியிருக்க வேண்டியதில்லை என்றே நான் நம்புகிறேன்.

ஒலிபெருக்கி பரவாத அக்காலத்தில், கொட்டகையின் கடைசிக் கோடியில் அமர்ந்தவருக்கும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கும்படி விடிய விடியப் பாட வேண்டியிருந்தது. ஸ்பெஷல் நாடகங்களிலோ ஒத்திகையே இல்லாமல், வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்த நடிகர்கள் மேடையிலேயே சந்தித்து, பாட்டாலும் தர்க்கத்தாலும் ஒருவரையொருவர் எதிர்கொண்டார்கள். அவருடைய உச்சரிப்பின் துல்லியத்துக்கு இந்தப் பயிற்சியே காரணம் என்பது என் கருத்து.

பாடகரும் நடிகருமான எஸ். ஜி. கிட்டப்பாவுடன் கொழும்பு மேடையில் தொடங்கி, திருமணமாகவும் மலர்ந்த இணை, 1933இல் கிட்டப்பாவின் மரணத்தோடு முடிந்தது. அதன்பின் வெள்ளைச் சேலையே உடுத்திய சுந்தராம்பாள், பின்னாளில் சென்னை மாநிலச் சட்ட மேலவையின் உறுப்பினரானார்.