பீக்கங்காயில ஆகாயக் கப்பல்

ரெண்டு வருசமா மேசை விளையாட்டுக்கு ஆகாயக் கப்பல் செய்யிறன், வாயு நிரப்பின நீட்டுப் பலூனுக்குக் கீழ ஆக்கள் ஏறுற தொட்டில் தொங்குமே, அது. விக்டோரியா மகாராணி காலத்திலயே நீராவிக் கப்பல் வானத்தில வழமையா ஓடியிருந்தா எப்பிடி இருந்திருக்கும் எண்ட கற்பனைதான் விளையாட்டே. புதுக்குடியிருப்பில மொடல் கிட் எண்டு ஒண்டும் வாங்கேலாது, வெளியால ஓடர் பண்ணினா சாமான விட அனுப்புற காசு கூட, அதால எல்லாம் வளவுக்குள்ள கிடைக்கிறதுதான்.

உடம்புக்குக் காஞ்ச பீக்கங்காய். கொடியிலயே காயவிட்டா பத்து வரம்பும் அப்பிடியே விறைச்சு நிக்கும், ஒரு பக்கம் ஒடுங்கி மற்றப் பக்கம் பருத்து இருக்கும், 1884ல பறந்த லா பிரான்ஸ் எண்ட கப்பலும் முன்பக்கம் பருத்ததுதான். அது 50 மீட்டர் நீளம், நாங்கள் 300ல ஒரு பங்கு அளவில விளையாடுறம், அப்ப 17 சென்ரிமீட்டர், கொடியில கடைசியாக் காய்க்கிற குட்டைக்காய் கணக்காப் பொருந்தும். விதையைக் கொட்டிப்போட்டு, பட்டம் கட்டுற ரிசூ பேப்பரை மாப்பசையில ரெண்டு தரம் ஒட்டுவன். முதல் செய்தது மாரியில பூஞ்சணம் பிடிச்சுக் கறுத்துப் போச்சு, இப்ப பசைக்குள்ள கொஞ்சம் துரிசு, அதான் மயில்துத்தம், கலக்கிறன்.

அதுக்கு மேல பழைய நுளம்பு வலையை இழுத்துக் கட்டினா அந்தக் காலத்துப் பலூனுக்குப் போட்ட வலை மாதிரியே இருக்கும். தொட்டில் விளக்குமாத்து ஈர்க்கு. புகைக்குழாய் பேனைக் குச்சி, இதை மட்டும் தயவு செய்து மேல பாத்து வைக்காதேங்கோ. 1852ல ஹென்றி ஜிஃபார்ட் பாரிஸில இருந்து நீராவியில பறக்கேக்க குழாயைக் கீழ நோக்கித்தான் வச்சவர், மேல முழுக்க எரியிற வாயு, ஒரு தீப்பொறி போனா எல்லாம் முடிஞ்சுது. கற்பனைக் கப்பலெண்டாலும் ஏறிப்போற ஆக்கள் உயிரோட இறங்குவினம் எண்டு பாக்கிறவனுக்கு நம்பிக்கை வரவேணும், எனக்கு வடிவை விட அதுதான் முக்கியம்.

தொட்டிலைத் தூக்குற கயிறு தங்கூசி, மீன்பிடிக்கிற நைலோன் இழை. பதினாறு இழை கட்டி முடிச்சுப்போட்டு முல்லைத்தீவில பெரியப்பாட்ட காட்டினன், வாழ்நாள் முழுக்க வலையோட கிடந்த மனுசன், விரலால ஒவ்வொண்டாத் தட்டிப் பாத்தார். "தம்பி, முன்னுக்கு மூண்டாவது தொய்யுது, காத்தடிச்சா மூக்குத் தூக்கும்" எண்டார். அவிட்டுத் திரும்பக் கட்டினம், ரெண்டு பேருமா ஒரு பின்னேரம் முழுக்க.

அம்மா முதல் கேட்டது "இது குண்டு போடுமோ?" எண்டு. சண்டைக் காலத்தில வண்டு எண்டு நாங்கள் சொல்ற வேவு விமானத்தின்ர சத்தம் கேட்டு பங்கருக்கு ஓடின ஆக்களுக்கு வேற என்ன கேக்க வரும். எங்கட கப்பலில பீரங்கி இல்லை எண்டு அண்டைக்கே முடிவெடுத்திட்டன். கொழும்பில இருந்து யாழ்ப்பாணத்துக்கு ரயில் வந்தது 1905ல, அதுக்கு முந்தி வன்னிக் காட்டுக்கு மேலால தபாலும் மருந்தும் கொண்டுபோறதுதான் விளையாட்டு, ஆனையிறவை ஆர் முதல் தாண்டுறது எண்டு. எதிரி காத்துத்தான். ஒவ்வொரு சுத்துக்கும் தாயக்கட்டை உருட்டி தெற்குச் சோளகமா வடக்கு வாடையா மேற்குக் கச்சானா கிழக்குக் கொண்டலா எண்டு பாப்பம். ஜிஃபார்டின்ர இயந்திரம் 3 குதிரைவலுதான், 27 கிலோமீட்டர் போனவர் எதிர்க்காத்தில திரும்பி வரேலாமப் போச்சு, அதால அந்த வகைக் கப்பல் வச்சிருக்கிறவருக்கு எதிர்க்காத்து விழுந்தா நகரேலாது. லா பிரான்ஸ் மின்கலத்தில ஓடினது, 23 நிமிசத்தில 8 கிலோமீட்டர் சுத்தி வெளிக்கிட்ட இடத்துக்கே வந்தது, அந்த வகையை எதிர்க்காத்திலயும் ஒரு கட்டம் நகர விடுவம். போன ஞாயிறு மச்சான் மாங்குளத்துக்கு மேல மூண்டு சுத்து நிண்டிட்டான், மூண்டு தரமும் வாடை.

கப்பலை நிப்பாட்டுறது சைக்கிள் ஸ்போக் கம்பியில, அடியில ஜாம் போத்தல் மூடிக்குள்ள சீமெந்து.

அடுத்தது 1900ல கொன்ஸ்ரன்ஸ் ஏரியில இருந்து எழும்பின முதல் செப்பலின் எண்ட ஜேர்மன் ஆகாயக் கப்பல். 128 மீட்டர், எங்கட அளவில 43 சென்ரிமீட்டர் கிட்ட வரும். அவ்வளவு நீட்டா மெல்லிசா ஒரு காய் இப்ப வேலியில தொங்குது, ஆரும் கறிக்குப் பிடுங்கிப்போடக் கூடாதெண்டு அம்மா அதில சிவப்புத் துணி கட்டி வச்சிருக்கிறா.