கோதுமையை விட்டேன், மக்காச்சோளத்தில் மாட்டினேன்

உடுமலைப் பக்கம் எங்கள் ஊரில் ஐப்பசி மாசம் வந்து பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் மக்காச்சோளம்தான் நிற்கும். பி.ஏ.பி. என்கிற பரம்பிக்குளம்-ஆழியாறு பாசன வாய்க்கால் தண்ணீரில் அப்பாவும் போடுகிறார். அறுத்துக் காயவைத்தால் போதும், பல்லடம் பக்கத்துக் கோழித்தீவன ஆட்கள் களத்துக்கே லாரி கொண்டுவந்து எடைபோட்டு ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அந்தத் தோட்டத்தில் வளர்ந்த எனக்கு மக்காச்சோளம் ஒத்துக்கொள்ளாது என்று கண்டுபிடிக்க ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆனது.

முதலில் வந்தது கோதுமை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். 2022 ஆவணியில் ஒரு மாடி ஏறினாலே மூச்சு வாங்கியது. ஹீமோகுளோபின் 8.2. மூணு மாசம் இரும்புச் சத்து மாத்திரை விழுங்கியும் ஏறவில்லை. கோயம்புத்தூரில் பார்த்த வயிற்று டாக்டர் டிடிஜி என்ற ரத்தப் பரிசோதனை எழுதினார்; கோதுமை மாதிரித் தானியங்களில் இருக்கிற குளுட்டன் என்ற புரதத்தை உடம்பு எதிர்த்தால் அந்த அளவு ஏறும். அப்புறம் எண்டோஸ்கோபி செய்து சிறுகுடலின் ஆரம்பத்தில் துளித் துளியாகச் சதை எடுத்துப் பார்த்தார்கள். சீலியாக் நோய். குடலுக்குள் சத்தை உறிஞ்சும் மெல்லிய விரல்கள் எல்லாம் மழுங்கிக் கிடந்தன. குளுட்டன் உள்ள கோதுமை, பார்லி, ரை என்ற தானியம் மூன்றும் ஆயுசுக்கும் கூடாது.

“நம்மூர்ச் சாப்பாட்டுல இது பெரிய கஷ்டமே இல்லீங்க” என்றார் டாக்டர். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அரிசிம்பருப்புச் சாதமும் சந்தகையும் இருக்கிற வீட்டில் சப்பாத்தி போனால் போகட்டும். ஒப்புட்டுதான் கொஞ்சம் உறுத்தியது.

ஆனால் நான் செய்தது வேறு. கோதுமை இருந்த இடத்திலெல்லாம் என்னை அறியாமல் மக்காச்சோளத்தைக் கொண்டுவந்து வைத்தேன். காலை அவசரத்துக்கு கார்ன்பிளேக்ஸ், ஆபீஸ் பைக்குள் ‘குளுட்டன் ஃப்ரீ’ பிஸ்கட், ஞாயிற்றுக்கிழமை மக்காச்சோள பாஸ்தா, ராத்திரி சப்பாத்திக்குப் பதில் மக்காச்சோள மாவு ரொட்டி, பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒரு கப் ஸ்வீட் கார்ன். எட்டு மாசத்தில் ஹீமோகுளோபின் 11.6 ஆனது. உடம்பில் தெம்பு வந்தது. வயிறு மட்டும் அடங்கவில்லை. சாயங்காலமானால் கல்லைக் கட்டின மாதிரி உப்பிக்கொள்ளும். புடவைக் கொசுவத்தைத் தளர்த்திவிட்டுத்தான் உட்கார முடியும்.

அப்போதே நான் மக்காச்சோளத்தைச் சந்தேகப்பட்டேன். டாக்டர் விடவில்லை. டிடிஜி இறங்கியிருந்தது, ஆனாலும் இயல்பு அளவுக்கு வரவில்லை. அது இயல்புக்கு வர ஒரு வருஷம், சிலருக்கு ரெண்டு வருஷம்கூட ஆகும்; இருந்தாலும் “முதல்ல கோதுமை எங்க ஒளிஞ்சிருக்குன்னு பாருங்க, அப்புறம் மத்ததப் பேசலாம்” என்றார். இன்றைக்கு யார் கேட்டாலும் நானும் இதைத்தான் முதலில் சொல்கிறேன்.

ஒளிந்திருந்தது மூன்று இடத்தில். கார்ன்பிளேக்ஸ் டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் பார்லி மால்ட். கட்டிப் பெருங்காயத்தில் கோதுமை மாவு; ரசத்திலிருந்து ஊறுகாய் வரைக்கும் வீட்டில் அதுதான். மூன்றாவது, மாவு மில். எங்கள் தெருமுனை மில்லில் ராகியை அரைக்கக் கொடுத்துவிட்டு நின்றபோது, “ஏனுங்ணா, இதுக்கு முன்னாடி என்னங்க ஓடுச்சு?” என்று கேட்டேன். “கோதுமைங்க அம்மிணி. பயப்படாதீங்க, ஒரு கை ராகிய உட்டுத் தள்ளிட்டுத்தான் போடறேன்” என்றார். மெஷினின் வாயில் கட்டியிருந்த துணிப்பையை அவர் தட்டியபோது உதிர்ந்த மாவு வெள்ளையாகத்தான் இருந்தது. அன்றைக்கே ஒரு சின்ன மாவு மெஷின் விலை விசாரித்தேன். இப்போது வீட்டிலேயே அரைக்கிறேன்.

அடுத்த ஆறு மாசத்தில் டிடிஜி இயல்புக்கு வந்தது. வயிறு உப்புவது பாதி குறைந்தது. மீதிப் பாதி அப்படியே நின்றது.

கணக்கு எழுதுகிற கை சும்மா இருக்குமா? ஒரு நோட்டுப் போட்டு இடப்பக்கம் சாப்பிட்டது, வலப்பக்கம் வயிறு என்று மூணு வாரம் எழுதினேன். உப்பின நாள் ஒவ்வொன்றிலும் இடப்பக்கத்தில் ரொட்டியோ ஸ்வீட் கார்னோ இருந்தது. நோட்டைப் பார்த்த பிறகுதான் டாக்டர் மக்காச்சோளத்துக்கு வந்தார்.

மக்காச்சோளத்தின் முக்கியப் புரதத்துக்குப் பேர் சீன் (zein). அது கோதுமையின் குளுட்டன் கிடையாது. அப்பாவிடம் வாங்குகிற தீவனக்காரர்கள் ‘கார்ன் குளுட்டன்’ என்று சொல்வதெல்லாம் வெறும் பேர்தான். சீலியாக் உள்ளவர்களில் மிகச் சிலருடைய உடம்பு சீனையும் குளுட்டன் மாதிரியே எதிர்க்கிறது என்று ஆய்வுகள் வந்திருக்கின்றன. பெரும்பாலானவர்களுக்கு மக்காச்சோளம் ஒன்றும் செய்யாது. அலர்ஜி வேறு விஷயம். அதற்குத் தோலிலும் ரத்தத்திலும் பரிசோதனை உண்டு, எனக்கு ரெண்டிலும் ஒன்றுமில்லை. ஒத்துக்கொள்ளாமைக்கு அப்படி நம்பத்தக்க ரத்தப் பரிசோதனை இல்லை. ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு நூறு உணவின் பட்டியல் கொடுக்கிற லேப் பேக்கேஜில் பணத்தைப் போடாதீர்கள் என்றார் டாக்டர். ஒரே வழி, நாலு வாரம் சுத்தமாக நிறுத்திவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்ப்பது.

அந்த நாலு வாரம்தான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. கோதுமையை நம் நாட்டு லேபிள் சட்டப்படி ஒவ்வாமைப் பொருளாக எழுதியே ஆகவேண்டும். மக்காச்சோளம் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் அது மாடிஃபைட் ஸ்டார்ச், ஐஎன்எஸ் 1422, மால்டோடெக்ஸ்ட்ரின், லிக்விட் குளுக்கோஸ் என்று வேறு வேறு வேஷத்தில் வரலாம். கஸ்டர்ட் பவுடர், பேக்கிங் பவுடர், கோயம்புத்தூர் காந்திபுரத்தில் கார்ன்ஃப்ளோர் கலந்து செய்கிற ரோட்டோரக் காளான் எல்லாம் போச்சு. நான் முழுங்கிக்கொண்டிருந்த இரும்பு மாத்திரையிலும் மக்காச்சோள ஸ்டார்ச் இருந்தது. அதை நிறுத்தவில்லை; டாக்டரிடம் சொல்லி வேறு கம்பெனி மாத்திரைக்கு மாறினேன்.

இதில் பேர்க் குழப்பம் வேறு. கடையில் ‘சோள மாவு’ என்று கேட்டால் வெள்ளை கார்ன்ஃப்ளோர் பாக்கெட்டை எடுத்துக் கொடுக்கிறார்கள். எங்கள் அம்மிச்சிக்கு, அதாவது அம்மாவின் அம்மாவுக்கு, சோளம் என்றால் வெள்ளைச் சோளம், அவர் காலத்தில் தினப்படிச் சோறு. “மக்காச்சோளம் கோழிக்குப் போடறது சாமி, அதையெதுக்கு நீ தின்ன?” என்று கேட்டார். நான் என்னத்தைச் சொல்ல? சோளமும் மக்காச்சோளமும் நெருங்கின சொந்தம்தான், புரதங்களும் ஒரே சாயல். அதையும் தனியாகச் சோதித்துவிடுங்கள் என்றார் டாக்டர். அதுவும் போய்விடுமோ என்றுதான் எனக்குப் பயம்.

நாலாவது வாரம் புடவைக் கொசுவத்தை நான் தளர்த்தவே இல்லை. அப்புறம் திரும்பச் சேர்த்தேன். முதலில் தக்காளி சூப்பில் ஒரு ஸ்பூன் கார்ன்ஃப்ளோர், மூணு நாள். ஒன்றும் ஆகவில்லை. ஸ்டார்ச்சில் புரதம் ஏறக்குறைய எல்லாம் நீக்கப்பட்டிருக்கும் என்பதால் அதுகூட நியாயமாகத்தான் இருந்தது. ஸ்வீட் கார்ன் அரைக் கதிர் தாங்கியது, முழுக் கதிர் தாங்கவில்லை. மக்காச்சோள ரொட்டி ஒன்றே ஒன்று, மூணு மணி நேரத்தில் பழைய கல்.

மனப்பிரமையாக இருக்குமோ என்று வீட்டுக்காரருக்குச் சந்தேகம். ஒரு வாரம் அடை மாவை அவரே கலக்கினார். எந்த நாள் மக்காச்சோளம், எந்த நாள் வெறும் அரிசி என்று எனக்குச் சொல்லவில்லை. நிறம் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று ரெண்டிலும் மஞ்சள்தூளை அள்ளிப் போட்டுவிட்டார். அவ்வளவு மோசமான அடையை நான் சாப்பிட்டதே இல்லை. துண்டுச் சீட்டைப் பிரித்தபோது, ஆறு நாளில் ஐந்து நாள் என் வயிறு சொன்னது சரியாக இருந்தது. அதன்பிறகு அவர் வாய் திறக்கவில்லை.

வெள்ளைச் சோளத்தை அம்மிச்சியே குத்திச் சோறாக்கி, மோர் ஊற்றி, சின்ன வெங்காயத்தோடு வைத்தார். ரெண்டாவது தடவையும் போட்டுச் சாப்பிட்டேன். ராத்திரி முழுக்க வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். ஒன்றுமே இல்லை.

இந்த வருஷம் அப்பா கிணற்றோரம் முப்பது சென்ட்டில் வெள்ளைச் சோளம் விதைத்திருக்கிறார். பால் பிடிக்கிற சமயம் பார்த்து மயில் கூட்டமாக வந்து இறங்குகிறது. “அதுக தின்னது போக மிச்சம் உனக்குத்தான் அம்மிணி” என்கிறார் போனில்.