அம்மாவைக் கப்பலில் ஏற்றுவது

ரொரன்ரோ அக்கா, "சிங்கப்பூரில சந்திப்பம், அங்கயிருந்து பினாங்கு, புக்கெற் எண்டு கப்பலில ஒரு சுற்றுப் போவம்" என்று தொடங்கினதில் இருந்து வீட்டில் வேறு கதை இல்லை. அம்மாவின் கேள்வி ஒன்றுதான்: "சத்தி வராதோ?"

2023 ஜூனில் சென்னையில் இருந்து எம்பிரஸ் கப்பல் காங்கேசன்துறைக்கு வந்தபோது பேப்பரில் படம் பார்த்தவதான். ஆனாலும் கடற்பயணம் என்றால் அம்மாவுக்கு நயினாதீவு வள்ளம்தான். குறிகட்டுவானில் ஏறினால் இறங்கும்வரை தேசிக்காயை மணந்துகொண்டே இருப்பா.

அதனால் அறை எடுப்பதில் அக்காவோடு பெரிய இழுபறி. அவவுக்கு மேல்தட்டில் பல்கனி வேண்டும். கப்பல் ஆடும்போது நடுப்பகுதிதான் குறைவாக அசையும், மேலே போகப் போக ஆட்டம் கூடும், ஆகவே கீழ்த்தட்டில் நடு அறை என்று நான் நின்றேன். அறை இலக்கத்தைக் கப்பல்காரரே பிறகு தருவதாக மலிவாக விற்பார்கள். அது எங்களுக்குச் சரிவராது, முன்மூலையில் தந்தால் வாய் திறக்கேலாது. மலாக்கா நீரிணைக்கு ஒருபக்கம் சுமத்திரா, மறுபக்கம் மலாய்க் குடாநாடு. எங்கள் சோளகக் கடலோடு பார்த்தால் அமைதி. வரைபடத்தில் காட்டினேன். அம்மா "ஓம்" என்றா, நம்பினதாகத் தெரியவில்லை.

விளம்பர விலையை வைத்துக் கணக்குப் போடாதீங்கோ. அது அறைக்கு இரண்டு பேர் என்ற கணக்கில் ஒரு ஆளுக்குரியது. துறைமுக வரி, பணியாளருக்கு நாளாந்தம் ஆளுக்கு இவ்வளவு என்று டிப்ஸ், இன்ரர்நெற் எல்லாம் பெரும்பாலும் தனி. மூன்றாவது ஆளாக அதே அறையில் சேர்ந்தால் மலிவு. ஆனால் அந்தக் கட்டில் அநேகமாகச் சுவரில் இருந்து மடித்து இறக்குவது, ஏணியில் ஏறவேண்டும். ஏறப்போவது யார் என்று சொல்லத் தேவையில்லை.

சிங்கப்பூருக்கு எங்கள் இலங்கைப் பாஸ்போட்டுக்கு விசா தேவையில்லை. அதற்காகச் சும்மா இருக்கேலாது. கப்பல் நிற்கிற நாடு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பார்க்கவேண்டும். அக்காவின் கனடாப் பாஸ்போட்டுக்கு இந்தக் கவலை விளங்காது. கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போய்ச்சேரவே எங்களுக்கு ஓர் இரவு வேண்டும். ஆகவே முதல்நாளே சிங்கப்பூரில் இறங்கி நிற்பதுதான் புத்தி. பிளேன் பிந்தினால் கப்பல் பார்த்துக்கொண்டு நிற்காது.

அம்மாவின் சின்னக் கரண்ட் கேத்திலும் வரமுடியாது. கடலில் நெருப்புத்தான் பெரிய பயம் என்பதால் கேத்தில், அயன்பெட்டி போன்றவற்றை ஏறும்போதே வாங்கி வைத்துவிடுவார்கள். விடியப்புறம் தேத்தண்ணிக்கு என்ன வழி என்று இப்போது விசாரணை நடக்கிறது.

சைவச் சாப்பாடு வேண்டும் என்று பதியும்போதே எழுதிக் கொடுக்கலாம் என்றேன். "மீன் எடுக்கிற அகப்பையாலதான் மரக்கறியும் எடுக்கினமோ எண்டு கேள்" என்றா. கேட்டு ஈமெயில் போட்டிருக்கிறேன். பதில் வந்த பிறகுதான் முற்பணம்.