மிச்சமிருக்கும் ஒரு நிரை

விடுமுறை என்றால் லங்காவிக்கும் கேமரன் மலைக்கும் ஓடுகிற ஆள் நான். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் சொந்த ஊரான சுங்கை சிப்புட்டை நடந்து பார்த்ததற்கு ஆர்வம் காரணமில்லை. கார் பட்டறையில் கிடந்தது. மாசி மாத ஞாயிற்றுக்கிழமை. "தெரிந்த ஊரில் என்னப்பா பார்க்கப் போகிறாய்?" என்று கேட்டுக்கொண்டே அம்மாவும் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஊர் எல்லை தாண்டினால் எண்ணெய் எடுக்கும் செம்பனைதான். அதன் ஓரத்தில், வெட்டாமல் விட்டுவைத்த ஒரே ஒரு நிரை ரப்பர் மரங்கள். தினமும் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போகிறேன். மாசியில் அவை இலை உதிர்க்கும் என்பது எனக்கு உறைத்ததே இல்லை. கீழே செம்மஞ்சள் சருகு கணுக்கால் உயரத்துக்குக் கிடக்க, மேலே செம்பு நிறத்தில் தளிர் விட்டிருந்தது. கிளையில் ஒரு குண்டுக்கரிச்சான் விடாமல் சீழ்க்கையடித்தது.

அம்மா இலையைப் பார்க்கவில்லை, பட்டையைத் தடவினார். பத்தொன்பது ஆண்டுகள் பால் வெட்டியவர். பால்நாளங்கள் பட்டைக்குள் சற்றுச் சாய்வாக ஓடுகின்றன. அதனால்தான் வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் இறங்குகிறது, அப்போதுதான் அதிக நாளங்கள் திறக்கும். உளி மரத்தில் பட்டுவிட்டால் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். அப்படி ஒரு முண்டில் அம்மாவின் கை நின்றது.

"இது என் வெட்டில்லை. எவனோ அவசரக்காரன். கிராணி பார்த்திருந்தால் அரைப்பேர்தான் போட்டிருப்பார்."

கிராணி என்றால் தோட்டக் கணக்குப்பிள்ளை, அரைப்பேர் என்றால் அரைநாள் கூலி. அம்மா இந்தத் தோட்டத்தில் வேலை செய்ததே இல்லை. ஆனாலும் சொல்லிவிட வேண்டும் அவருக்கு!

கிழக்கே லிந்தாங் சாலையில் போனால் எல்பில் தோட்டம். 1948 ஜூன் 16 அன்று அங்கும் அருகிலிருந்த இன்னொரு தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையொட்டி, கம்யூனிஸ்ட் கெரில்லாக்களை ஒடுக்கப் பிறந்த அவசரகாலம் 1960 வரை நீடித்தது. சுட்டவர்களையும் சுடப்பட்டவர்களையும் பள்ளியில் படித்திருக்கிறேன். தொழிலாளர் குடியிருப்பான லயத்தைச் சுற்றி முள்வேலி போட்டதும், காட்டிலிருந்த கெரில்லாக்களுக்குப் போய்விடும் என்று, பசியாறக் கட்டிய சோற்றைக்கூட வாசலில் பிடுங்கிக்கொண்டதும் அம்மா சொல்லித்தான் தெரியும். அப்போது அம்மா சிறுமி. "கருவாட்டு வாசனை வந்தால் போதும், தூக்கைத் திறக்கச் சொல்வான்" என்றார்.

இதே ஊரில், இதே ஜூன் 16-இல், 1919-இல் பிறந்தவர், மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த துன் சம்பந்தன். துரைமார் விற்ற தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பாட்டாளிகள் தெருவுக்கு வந்த காலத்தில், பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டத்தையே வாங்கலாம் என்று 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் கைக்கு வந்தது. தாத்தாவின் பங்குப் பத்திரம் எங்கள் சாமி மேடைக்குப் பின்னால் இருக்கிறது. அது மின்கட்டண ரசீது என்று வெகுநாள் நினைத்திருந்தேன்.

கடைசி மரத்தில் துருப்பிடித்த கம்பியில், ரப்பர் பால் பிடிக்கும் ஒரு மங்கு. மழைநீர் தேங்கி, கொசுப்புழு நெளிந்தது. அம்மா தண்ணீரைக் கொட்டினார். கட்டை விரலால் உள்பக்கத்தை ஒரு சுற்று வழித்துவிட்டு, மங்கைக் கம்பியில் கவிழ்த்து வைத்தார்.

"வா, மழை வருகிறது."