முந்தைய இரவில் எழுதிய எண்

சில நாள்கள் முதல் சில வாரங்கள் வரை ஒரு பங்கை வைத்திருந்து, அதன் விலை ஏற்றத்தின் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு வெளியேறும் ஸ்விங் டிரேடிங்கில், என்னுடைய முக்கியமான வேலை சந்தை மூடிய பிறகுதான் தொடங்குகிறது. விலை அசையாமல் நிற்கும் அந்த நேரத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஐந்து விவரங்களை எழுதுகிறேன்: பங்கின் பெயர், எந்த விலையில் நுழைவது, எந்த விலைக்குக் கீழே போனால் என் கணிப்பு தவறு என்று ஏற்றுக்கொள்வது, எத்தனை பங்கு வாங்குவது, ஏன் வாங்குகிறேன் என்பதற்கு ஒரு வரி. மறுநாள் சந்தை திறந்த பிறகு இந்தப் பட்டியலிலிருந்து ஒரு பெயரை அடித்துவிடலாம். புதிய பெயரைச் சேர்க்கக் கூடாது. இன்று நான் ஒழுங்கு என்று சொல்வதெல்லாம் இந்த ஒரு பழக்கத்தைச் சுற்றியே அமைந்திருக்கிறது.

இந்தப் பழக்கம் எனக்கு எளிதில் வந்துவிடவில்லை. என் பழைய நோட்டில் ஒரு பக்கம் இருக்கிறது. எண்களைச் சற்று முழுமையாக்கிச் சொல்கிறேன். என்னிடம் இருந்த மொத்த முதலீட்டுத் தொகை 2,00,000 ரூபாய். ஒரு பங்கை 500-இல் 100 எண்ணிக்கை வாங்கி, ஸ்டாப் லாஸ், அதாவது விலை அங்கே இறங்கினால் விற்று வெளியேறும் எல்லை, 480 என்று நீல மையில் எழுதியிருந்தேன். அதாவது கணிப்பு தவறினால் போகக்கூடியது 2,000, மொத்தத் தொகையில் 1 விழுக்காடு. நான்காம் நாள் விலை 482-க்கு வந்தபோது, "இது சப்போர்ட் (விலை விழுவது நிற்கும் மட்டம்), இங்கிருந்து திரும்பிவிடும்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஸ்டாப் லாஸ் ஆர்டரை ரத்து செய்தேன். அந்தப் பக்கத்தில் 480 அடிக்கப்பட்டு, அதன் மேல் 465 என்று கறுப்பு மையில் எழுதப்பட்டிருக்கிறது. மறுநாள் விலை 470-க்கு வந்தது. இன்னும் 50 பங்கு வாங்கி ஆவரேஜ் செய்தேன், அதாவது வாங்கிய சராசரி விலையைக் குறைத்தேன். அன்று மாலை அந்த நிறுவனத்தின் காலாண்டு முடிவு வெளியாக, அடுத்த நாள் காலை பங்கு 430-இல் திறந்தது. அங்கே விற்று வெளியேறியபோது மொத்த நஷ்டம் 9,000. 1 விழுக்காடாக முடிந்திருக்க வேண்டியது நாலரை விழுக்காடாயிற்று. கணிப்பு தவறியதால் போனது 2,000 மட்டுமே. மீதி 7,000 முழுவதும் மை மாறியதால் போனது.

அந்தப் பக்கத்தை இன்றும் கிழிக்காமல் வைத்திருக்கிறேன். இரண்டு மைக்கும் இடையில் நடந்தது என்ன என்பதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. நீல மையில் எழுதியபோது என்னிடம் அந்தப் பங்கு இல்லை. கறுப்பு மையில் எழுதியபோது இருந்தது. கையில் இருக்கும் ஒன்றைப் பற்றி மனம் நேர்மையாக யோசிப்பதில்லை. லாபத்தில் இருப்பதை அவசரமாக விற்பதும் நஷ்டத்தில் இருப்பதை விடாமல் பிடித்துக்கொள்வதுமான இந்தப் போக்கை ஹெர்ஷ் ஷெஃப்ரின், மெய்ர் ஸ்டாட்மன் ஆகிய இரு ஆய்வாளர்கள் 1985-இல் பெயரிட்டு விளக்கினார்கள். 1998-இல் டெரன்ஸ் ஓடீன் ஒரு அமெரிக்கத் தரகு நிறுவனத்தின் 10,000 கணக்குகளை எடுத்துப் பார்த்தபோதும் அதுவே தெரிந்தது. அதிலும், அந்தக் கணக்குதாரர்கள் விற்றுவிட்ட லாபப் பங்குகள், வைத்துக்கொண்ட நஷ்டப் பங்குகளைவிட அடுத்த ஓராண்டில் சராசரியாக நன்றாகவே ஏறியிருந்தன. இதைப் படித்தபோது எனக்குக் கிடைத்தது ஆறுதல் மட்டுமல்ல, வழியும்கூட. மன உறுதியை வளர்த்துக்கொண்டு இந்தப் போக்கை வெல்ல முயல்வதைவிட, அது தலையெடுக்காத நேரத்திலேயே முடிவை எடுத்துவிடுவது நடைமுறைக்கு ஏற்றது.

அடுத்தது எண்ணிக்கை. எத்தனை பங்கு வாங்குவது என்பதை முன்பு நம்பிக்கையின் அளவைப் பொறுத்து முடிவு செய்துவந்தேன். சார்ட் அழகாக இருந்தால் அதிகம், சந்தேகம் இருந்தால் குறைவு. இப்போது அது ஒரு வகுத்தல் கணக்கின் விடை, அவ்வளவுதான். இழக்கத் தயாராக இருக்கும் தொகையை, நுழையும் விலைக்கும் ஸ்டாப் லாஸுக்கும் உள்ள இடைவெளியால் வகுக்க வேண்டும். 2,000 இழக்கலாம், இடைவெளி 20 என்றால் 100 பங்கு. அதே விலையில் இருக்கும் வேறொரு பங்குக்கு இடைவெளி 40 தேவைப்பட்டால் 50 பங்கு. இங்கே பலர் செய்யும் தவறு, அதிகம் வாங்க வேண்டும் என்பதற்காக ஸ்டாப் லாஸை நெருக்கமாக வைப்பது. அந்த இடைவெளியைப் பங்கின் இயல்புதான் சொல்ல வேண்டும். அதற்கு வெல்லஸ் வைல்டர் 1978-இல் அறிமுகப்படுத்திய ஏடிஆர் (Average True Range, ஒரு பங்கின் சராசரி அன்றாட அசைவு) என்ற அளவையைப் பயன்படுத்துகிறேன். அன்றைய உச்சத்துக்கும் தாழ்வுக்கும் உள்ள வேறுபாடு, முந்தைய நாள் முடிவு விலையிலிருந்து அன்றைய உச்சம் விலகிய தூரம், அதே விலையிலிருந்து தாழ்வு விலகிய தூரம் ஆகிய மூன்றில் பெரியதை எடுத்து, வழக்கமாக 14 நாள்களுக்குச் சராசரி காண்பது அது. ஒரு பங்கு சாதாரணமாகவே நாளொன்றுக்கு 10 அசையும் என்றால், 5 தள்ளி ஸ்டாப் லாஸ் வைப்பது அன்றாட அசைவுக்கே பலியாவதற்குச் சமம். நான் ஏடிஆரின் இரு மடங்கு தள்ளி வைக்கிறேன்.

ஸ்டாப் லாஸ் ஆர்டர் ஒரு காப்பீடு அல்ல என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். விலை இடைவெளி விட்டுக் கீழே திறந்தால், மார்க்கெட் ஆர்டராக (கிடைக்கும் விலையில் விற்பது) வைத்த ஸ்டாப் லாஸ் அந்தத் தாழ்ந்த விலையில்தான் நிறைவேறும்; லிமிட் ஆர்டராக (குறித்த விலைக்குக் கீழே விற்காதது) வைத்தது நிறைவேறாமலே போகலாம். ஆகவே போதுமான லாபத்தில் இல்லாத எந்தப் பங்கையும் காலாண்டு முடிவு நாளைத் தாண்டி நான் வைத்திருப்பதில்லை.

ஒரு டிரேடில் இழக்கத் தயாராக இருக்கும் தொகை 1 விழுக்காடு என்பது மிகவும் குறைவு என்று என்னிடம் சொல்கிறவர்களுக்கு நான் காட்டுவது தொடர் நஷ்டத்தின் கணக்கு. பத்தில் நான்கு முறை மட்டும் ஜெயித்து, ஜெயிக்கும்போது இழப்பைப்போல் இரு மடங்கு சம்பாதித்தாலே நீண்ட ஓட்டத்தில் லாபம்தான். ஆனால் அதே முறையில் அடுத்து வரும் ஐந்து டிரேடுகளும் நஷ்டமாக முடிய ஏறத்தாழ 8 விழுக்காடு வாய்ப்பு உண்டு. ஐம்பது டிரேடுகளுக்குள் அப்படி ஒரு தொடர் எங்காவது வந்துபோவது வராமலிருப்பதைவிட அதிகச் சாத்தியம். ஒவ்வொன்றிலும் 1 விழுக்காடு இழந்தால் மொத்தத் தொகையில் ஏறத்தாழ 5 விழுக்காடு குறையும். 10 விழுக்காடு இழந்தால் 41 விழுக்காடு போய்விடும். இருந்த இடத்துக்குத் திரும்பவே 69 விழுக்காடு லாபம் வேண்டும். முறை ஒன்றே, அளவு மட்டும் வேறு.

எந்தப் பங்கைத் தேர்ந்தெடுப்பது என்பதில் எனக்குப் பெரிய நுட்பம் எதுவும் இல்லை. 50 நாள் மூவிங் ஆவரேஜ் (கடந்த 50 நாள் முடிவு விலைகளின் சராசரி) மேல்நோக்கிச் செல்ல வேண்டும், சில நாள்கள் விலை பின்வாங்கியபோது வால்யூம் (கைமாறும் பங்குகளின் எண்ணிக்கை) குறைந்திருக்க வேண்டும், சந்தையும் மொத்தமாக ஏறுமுகத்தில் இருக்க வேண்டும். இவை பொருந்தாத வாரங்களில் நோட்டில் தேதி மட்டும் இருக்கும். வெறும் பக்கத்தைப் பொறுத்துக்கொள்வதற்குத்தான் எனக்கு அதிக காலம் பிடித்தது. பிராட் பார்பரும் ஓடீனும் 2000-இல் வெளியிட்ட ஆய்வு அதற்கு உதவியது: 1991 முதல் 1996 வரை 66,465 குடும்பங்களின் கணக்குகளை ஆராய்ந்ததில், மிக அதிகமாக வாங்கி விற்றவர்களுக்கு ஆண்டுக்கு 11.4 விழுக்காடே கிடைத்தது; அதே காலத்தில் சந்தை தந்தது 17.9 விழுக்காடு.

ஒவ்வொரு டிரேடும் முடிந்த பிறகு, லாப நஷ்டத்துக்கு முன்னால் "எழுதியபடி நடந்தேனா" என்ற கட்டத்தை நிரப்புகிறேன். எழுதியபடி நடந்து வந்த நஷ்டத்துக்கு ஆம். மீறி வந்த லாபத்துக்கு இல்லை. சில மாதங்கள் இப்படிக் குறித்த பிறகு கூட்டிப் பார்த்தால், என் பெரிய நஷ்டங்கள் பெரும்பாலும் இரவில் எழுதாமல், சந்தை நேரத்தில் கண்ணில் பட்டு வாங்கிய பங்குகளில் வந்தவை என்று தெரிந்தது. பட்டியலில் புதுப் பெயர் சேர்க்கக் கூடாது என்ற விதி அப்போது பிறந்தது.

லாபத்தில் இருக்கும்போது எப்போது வெளியேறுவது என்பது மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. எடுத்துக்கொண்ட ரிஸ்க்கைப்போல் இரு மடங்கு வந்ததும் பாதியை விற்றுவிட்டு, மீதிப் பாதியை, முடிவு விலை 20 நாள் மூவிங் ஆவரேஜுக்குக் கீழே இறங்கும்வரை வைத்திருக்கும் முறையை இப்போது பின்பற்றிவருகிறேன். நடுவில் சில முறை, முழுவதையும் விற்றிருக்கலாமே என்று தோன்றியது. முப்பது டிரேடுகள் முடிந்த பிறகே இதை மாற்றுவது பற்றி யோசிப்பதென்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறேன். இதுவரை பதினேழு முடிந்திருக்கின்றன.